ஓரடி இறங்க மூன்றடி

குட்டை வெட்டி முடித்த பதினோராம் நாள் மழை வந்தது. 2022 மே மாதம். மாங்காய் மழை என்று எல்லோரும் சந்தோஷப்பட்ட மழைதான். மறுநாள் காலையில் பெங்களூர் விவேக் நகரிலிருந்து கிளம்பி, சந்தாபுரம் வழியாக ஆனேக்கல் தாண்டி எங்கள் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குட்டையின் கிழக்குக் கரையைக் காணோம். முந்தின வாரம் வரை சுவர் மாதிரி நேராக நின்ற கரை, பன்னிரண்டு அடி நீளத்துக்குப் பிளந்து உள்ளே விழுந்து கிடந்தது. கரையோரம் நட்டிருந்த வேலிக்கல் ஒன்று கம்பியோடு தண்ணீரில் சாய்ந்திருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

அந்த நிலம் என் மாமனார் வாங்கியது. ஒன்றரை ஏக்கர். அவர் காலத்தில் அங்கே ராகி மட்டும் போட்டார்கள். என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, அங்கே நாலு மரமும் காய்கறியும் வைக்கலாம் என்று ஆரம்பித்தோம். போர்வெல் போட எனக்கு மனம் வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் ஆயிரம் அடிக்குக் கீழே போயும் காற்று மட்டும் வந்த கதைகளைக் கேட்டிருந்தேன். மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்போம், மிச்சம் மண்ணுக்குள் இறங்கட்டும் என்றுதான் குட்டை.

ஆனேக்கல் பக்கம் பெரும்பாலும் செம்மண். எங்கள் நிலத்தின் மேல் பாதியும் அப்படித்தான். கீழ்ப் பாதி ஓர் ஓடையை ஒட்டியிருக்கிறது, ஊரில் ஹள்ள என்பார்கள். எத்தனையோ காலமாக அந்த ஓடை கொண்டுவந்து போட்ட பொடிமணல்தான் அங்கே நிலம். தாழ்வான இடம், தண்ணீர் தானாக வந்து சேரும் என்று அந்த இடத்தையே குட்டைக்குத் தேர்ந்தெடுத்தோம். தண்ணீர் வந்து சேர்வது என்னவோ உண்மை. அந்த மண் எப்படிப்பட்டது என்று கையில் எடுத்துப் பார்க்காமல் ஜேசிபியைக் கூப்பிட்டதுதான் தப்பு.

60 அடி நீளம், 40 அடி அகலம், 9 அடி ஆழம். இரண்டு நாளில் வெட்டி முடித்தார்கள். வண்டி ஓட்டிய தம்பி, "அக்கா, நேரா வெட்டினாத்தான் தண்ணி நிறைய நிக்கும். சாய்ச்சா இடம் வேஸ்ட்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வெட்டிய மண்ணையும் அப்படியே கரை விளிம்பில் வரப்பு மாதிரி குவித்துவிட்டுப் போனார். குட்டை இன்னும் ஆழமாகத் தெரிந்தது, எங்களுக்கும் பெருமையாக இருந்தது.

வெட்டின அன்றைக்கு மணல் ஏன் நேராக நின்றது, பதினோரு நாள் கழித்து ஏன் விழுந்தது? இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதம் ஆனது. தெருவில் கட்டடத்துக்குக் கொட்டிய மணல் மேட்டில் பிள்ளைகள் விளையாடுவதைப் பாருங்கள். காய்ந்த மணலில் வீடு கட்ட முடியாது, சரிந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் ஈரமாக இருந்தால் சுவர், குகை எல்லாம் நிற்கும். அதே சுவரில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினால் கூழாகி உட்கார்ந்துவிடும். மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் சிறிது ஈரம்தான் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. ஈரம் காய்ந்தாலும் அந்தப் பிடி போய்விடும், தண்ணீர் நிறைந்தாலும் போய்விடும். களிமண்ணுக்கு இருக்கும் சொந்தப் பசை மணலுக்குக் கிடையாது. புதிதாக வெட்டிய கரை நிற்கிறதே என்று நம்பினால் அது அந்த இரவல் ஈரத்தை நம்புவதுதான்.

காய்ந்த மணலைத் தட்டில் மெல்லக் கொட்டினால் அது ஒரு கூம்பாகக் குவியும். எவ்வளவு கொட்டினாலும் அந்தச் சாய்வு மாறாது, சுமார் 30 முதல் 34 டிகிரி. அதற்கு மேல் செங்குத்தாக நிற்கச் சொன்னால் மணல் கேட்காது. எங்கள் கரையோ 60 டிகிரிக்கு மேல். போதாததற்கு விளிம்பில் குவித்த மண்ணின் பாரம் வேறு. விழாமல் என்ன செய்யும்?

இதில் ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். கரை விழுவதற்கு முந்தின வாரம், விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, கரைக்கு இணையாக ஒரு மெல்லிய விரிசல் ஓடியிருந்தது. வெயிலில் மண் வெடித்திருக்கிறது என்று நினைத்து அதன்மேலேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம். அது வெயில் வெடிப்பு இல்லை, கரை பிரியத் தொடங்கியதற்கு அடையாளம். நான்கு நாள் முன்புதான் என் பேத்தி அதே இடத்தில் நின்று தவளை பார்த்தாள். இன்று நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மணலில் வெட்டிய பள்ளத்தின் விளிம்பில் இப்படி ஒரு கோடு தெரிந்தால் உடனே விலகி வந்துவிடுங்கள். யாரையும் பள்ளத்துக்குள் இறங்கி வேலை செய்ய விடாதீர்கள். மணல் மேலே விழுந்தால் ஆளை வெளியே எடுக்க நேரம் இருக்காது.

சரி, விழுந்த பிறகு என்ன செய்தோம் என்றால், முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். பழைய சிமென்ட் பைகளில் அதே மணலை நிரப்பி, சரிந்த இடத்தில் அடுக்கினோம். அது வெயில் படும் இடம், அந்த பிளாஸ்டிக் நூல் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. பொடிப்பொடியாக உதிர்ந்து மணலும் போய், பிளாஸ்டிக் குப்பையும் குட்டையில் மிதந்தது. பிறகு ஒரு மேஸ்திரியை வைத்து கிழக்குப் பக்கம் முழுவதும் சைஸ் கல் அடுக்கிச் சுவர் எழுப்பினோம். 42,000 ரூபாய் ஆனது. பார்க்கக் கோட்டை மாதிரி இருந்தது. இனிமேல் கவலை இல்லை என்று நினைத்தோம்.

செப்டம்பர் முதல் வாரம் பெங்களூரில் கொட்டிய மழை பலருக்கு நினைவிருக்கும். வெளிவட்டச் சாலையிலும் சர்ஜாபுரா சாலையிலும் வெள்ளம், டிராக்டரில் ஏறி ஆபீசுக்குப் போனார்கள். அந்த வருடம் முழுக்க நகரத்தில் பெய்த மழை, அதற்கு முன் 2017-இல் பதிவாகியிருந்த உச்சத்தையும் தாண்டியது. எங்களால் ஒரு வாரம் நிலத்துக்குப் போகவே முடியவில்லை. போனபோது கல் சுவர் நடுவில் தொங்கிப்போய், பாதிக் கற்கள் குட்டைக்குள் கிடந்தன. அதைவிட மோசம் வடமேற்கு மூலை. அங்கே மேட்டிலிருந்து ஓடிவந்த தண்ணீர் கரையை அறுத்து, நான்கடி ஆழத்துக்கு ஓடை மாதிரி ஒரு வாய் பிளந்திருந்தது. அந்த வாய் வழியாக வந்த மணல் குட்டையின் அடியில் இரண்டடிக்குப் படிந்திருந்தது. 9 அடி ஆழம் 7 அடி ஆகிவிட்டது.

பக்கத்து நிலத்தில் பழைய கிணற்றைத் தூர் எடுக்க ஒரு பெரியவர் வந்திருந்தார். பெங்களூரைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தைச் சேர்ந்தவர். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். பக்கத்து நிலத்து அம்மாதான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை. விழுந்த கற்களுக்குப் பின்னால் இருந்த மண்ணை ஒரு கை அள்ளி, தண்ணீரில் நனைத்து, உருண்டை பிடித்துப் பார்த்தார். பிடிக்க வரவில்லை.

"தாயி, இந்த மண்ணுக்கு நிக்கத் தெரியாது. படுக்கத்தான் தெரியும். நீங்க நிக்க வைக்கறீங்க" என்றார்.

கல்லுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கல்லுக்குப் பின்னால் விரலை விட்டுக் காட்டினார். உள்ளே வெற்றிடம். மழையில் மண்ணுக்குள் நிறைந்த தண்ணீர், குட்டைப் பக்கம் கசிந்து வரும்போது கல் இடுக்கு வழியாகப் பொடிமணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. பின்னால் இருந்த மண் போன பிறகு கல் எதன்மேல் சாயும்? மணலுக்கும் கல்லுக்கும் நடுவில் ஜல்லி போடாமல் நேரடியாகக் கல் அடுக்கினால் எவ்வளவு பெரிய கல்லாக இருந்தாலும் இதுதான் நடக்கும். முதலில் பருமணல், அதன்மேல் பேபி ஜல்லி, அதன்மேல் முக்கால் ஜல்லி, கடைசியில்தான் கல். தண்ணீர் வெளியே வரலாம், மணல் வரக் கூடாது. அதற்குத்தான் அந்த அடுக்கு. இதைச் செய்யாத கல் வேலைக்குக் கொடுக்கிற காசு தண்ணீரில் போட்ட மாதிரிதான்.

போகும்போது அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் உதவியது. "மழை பெய்யறப்போ வந்து உக்காந்து பாருங்க தாயி. மழை நின்ன அப்புறம் வந்தா தண்ணி போன இடம்தான் தெரியும், வர்ற இடம் தெரியாது."

அக்டோபரில் மூன்று நாள் நிலத்துக் கொட்டகையிலேயே தங்கினேன். குடை பிடித்துக்கொண்டு கரையைச் சுற்றி நடந்து பார்த்தேன். அதுவரை நான் குட்டைத் தண்ணீர்தான் கரையை அரிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் குட்டைக்குள் நின்ற தண்ணீர் அமைதியாகத்தான் இருந்தது. கரையை அரித்தது வெளியிலிருந்து வந்த தண்ணீர். எங்கள் வண்டிப் பாதை ஒரு வாய்க்கால் மாதிரி மேட்டுத் தண்ணீரை எல்லாம் சேர்த்து அந்த வடமேற்கு மூலையில் கொண்டுபோய் விட்டது. கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்த தண்ணீர் தெற்குக் கரையில் தனியாக ஒரு கோடு கிழித்தது. வெறும் மண் மேல் விழுந்த ஒவ்வொரு மழைத்துளியும் மணலைத் தெறிக்கவிட்டது. அந்த மணல் சின்னச் சின்ன நூலாக இறங்கியது, நூல்கள் சேர்ந்து வாய்க்கால் ஆயின. கிழக்குக் கரையில் மட்டும் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சின்னப் படி வெட்டியது போல் இருந்தது. தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும், அலை எல்லாம் கிழக்குக் கரையில் போய்த் தட்டும். இவ்வளவு சின்னக் குட்டையிலா அலை என்று தோன்றும். நாள் முழுக்கத் தட்டினால் மணலுக்கு அதுவே போதும்.

வீட்டுக்கு எடுத்துவந்த மண்ணை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி வைத்தேன். மணல் ஒரு நிமிடத்திலேயே அடியில் உட்கார்ந்தது. அதன்மேல் வண்டல் படியச் சில மணி நேரம், களி தெளிய ஒரு நாளுக்கு மேல். மறுநாள் பார்த்தால் ஐந்து விரல் உயரத்தில் நான்கு விரல் மணல். காசு செலவில்லாத இந்தச் சோதனையை ஜேசிபியைக் கூப்பிடுவதற்கு முன்பே, ஓரடி, மூன்றடி, ஆறடி ஆழத்து மண்ணில் செய்திருக்க வேண்டும்.

மணலுக்குச் சாய்வு 3-க்கு 1. அதாவது ஓரடி ஆழம் இறங்க மூன்றடி நடக்க வேண்டும். டிகிரியில் சொன்னால் சுமார் 18. உலர்ந்த மணல் 30 டிகிரி தாங்கும்போது ஏன் 18 என்றால், உள்ளிருந்து தண்ணீர் கசிந்து வெளியேறும் மணல் உலர்ந்த மணல் தாங்கும் சாய்வில் ஏறக்குறைய பாதியைத்தான் தாங்கும். மழைக்காலத்தில் எங்கள் கரை அந்த நிலையில்தான் இருக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் இன்னொன்று புரிந்தது. 40 அடி அகலத்தில் 9 அடி ஆழம் வெட்டவே முடியாது. இரண்டு பக்கமும் 27 அடி சாய்வு என்றால் 54 அடி வேண்டும். மணல் நிலத்தில் நமக்கு இருக்கும் அகலம்தான் ஆழத்தைத் தீர்மானிக்கும், நம் ஆசை தீர்மானிக்காது. ஆழத்தை 7 அடி என்று ஒப்புக்கொண்டு, மேல் அளவை 72-க்கு 52 அடியாக விரித்தோம். இரு பக்கமும் 21 அடி சாய்வு போக, அடியில் 30-க்கு 10 அடி தட்டையான இடம். பழைய குட்டை நிறைந்தால் சுமார் 5 லட்சம் லிட்டர் பிடித்திருக்கும். இது 3.4 லட்சம்தான். நிலமும் கூடுதலாகப் போனது. என் வீட்டுக்காரருக்கு இதில் வருத்தம். ஆனால் நிற்காத கரைக்குள் 5 லட்சம் லிட்டர் என்று எழுதி வைத்து என்ன பயன்? முதல் வருடமே இரண்டடி தூர்ந்துபோனதே.

2023 மார்ச் கடைசி வரை காத்திருந்தோம். தண்ணீர் தானாக இறங்கி, கரை ஓரளவு உலர்ந்த பிறகு ஹிட்டாச்சி வைத்துச் சாய்த்தோம். இங்கே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தேன். சாய்வை வெட்டித்தான் உண்டாக்க வேண்டும், மண்ணைக் கொட்டி உண்டாக்கக் கூடாது. சரிந்த இடத்தில் புது மணலைக் கொட்டித் தட்டிவிட்டால் அது முதல் மழையிலேயே தோல் உரிந்த மாதிரி வழுக்கிவிடும். பழைய இறுகிய மண்ணுக்குள்ளே போய்த்தான் வெட்ட வேண்டும். சாய்வு சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் வீட்டுக்காரர் ஒரு மரச்சட்டம் செய்தார். மூன்றடிச் சட்டத்தின் ஒரு முனையில் ஓரடிக் கால். முனையைக் கரையில் வைத்து, காலைச் சரிவில் ஊன்றி, சட்டத்தின்மேல் ரசமட்டத்தை வைத்தால் குமிழ் நடுவில் நிற்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவருக்கு டிகிரி புரியாது, இந்தச் சட்டம் புரிந்தது.

விளிம்பில் இருந்த மண் குவியலை எல்லாம் பத்தடி தள்ளி நகர்த்தி, சுற்றிலும் இரண்டடி உயர வரப்பாக்கினோம். வரப்புக்கு வெளியே ஓரடி ஆழத்தில் ஒரு சின்னக் கால்வாய். இனி எந்தத் தண்ணீரும் நினைத்த இடத்தில் கரையைத் தாண்டி உள்ளே இறங்க முடியாது. எல்லாம் அந்தக் கால்வாய் வழியாகச் சுற்றி வந்து ஒரே ஒரு வாய் வழியாகத்தான் உள்ளே போகும். அந்த வாய்க்கு முன்னால் நான்கடிச் சதுரத்தில், மூன்றடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி. வேகமாக வரும் தண்ணீர் அதில் விழுந்து, மணலை விட்டுவிட்டு, தெளிந்து வழிந்து போகும். அங்கிருந்து குட்டையின் அடிவரைக்கும் கல் பாவினோம். விழுந்த சுவரின் கற்களே போதுமானதாக இருந்தன. இந்த முறை பருமணல், ஜல்லி அடுக்கு எல்லாம் முறையாகப் போட்டு, கடைசிக் கல் வரிசையைக் குட்டையின் அடியில் ஓரடி புதைத்தோம். அடிக்கல் நகர்ந்தால் மேலே உள்ளது எல்லாம் வரும்.

உள்ளே வர வழி செய்கிறவர்கள் பலர் வெளியே போக வழி செய்ய மறந்துவிடுகிறார்கள். நம் ஏரிகளுக்கு எல்லாம் மிஞ்சும் தண்ணீர் வழிந்து போகக் கலிங்கல் இருக்கிறதே, அது எதற்கு? குட்டை நிறைந்து கரையைத் தாண்டி வழிந்தால் ஒரே இரவில் மணல் வரப்பு கரைந்துவிடும். ஓடைப் பக்கம், வரப்பின் உச்சியைவிட ஒன்றரை அடி தாழ்வாக, ஐந்தடி அகலத்தில் கல் பாவிய ஒரு போக்கு விட்டோம். கொட்டகைக் கூரைக்கும் ஒரு தகரத் தூம்பு வைத்துத் தண்ணீரைக் கால்வாயில் சேர்த்தோம்.

அப்புறம்தான் புல். வெட்டிவேர் நட வேண்டும் என்று 2022 அக்டோபரிலேயே முடிவு செய்திருந்தேன். கன்னடத்தில் லாவஞ்ச என்கிறார்கள். நம் வீடுகளில் பானைத் தண்ணீரில் போடுகிற அதே வேர்தான். கர்நாடகத்தில் குண்டல்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் நூறு வருடத்துக்கு மேலாக இதை வயல் எல்லைகளில் வேலி மாதிரி நட்டு வருகிறார்கள். 1980-களில் உலக வங்கியின் மண் காப்புத் திட்டங்கள் இந்தப் புல்லைப் பரப்பத் தொடங்கியபோது எடுத்துக்காட்டாக இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. இதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே போகும், மூன்று மீட்டருக்கும் மேல் இறங்கக் கூடியது. தென்னிந்திய வகை விதை வைத்துப் பரவாது, அதனால் பக்கத்து நிலத்துக்குக் களையாகப் போகும் என்ற பயமும் இல்லை.

எங்களுக்கு எத்தனை நாற்று வேண்டும் என்று கணக்குப் போட்டேன். விளிம்பிலிருந்து தொடங்கி நான்கடிக்கு ஒரு வரிசையாக நான்கு வரிசை. மொத்தம் 800 அடி நீளம். அரையடிக்கு ஒரு நாற்று என்றால் 1,600. எல்லாவற்றையும் விலைக்கு வாங்கக் கட்டாது. 200 நாற்று மட்டும் வாங்கி, செம்மண் பகுதியில் பாத்தி கட்டி வளர்த்தேன். அடுத்த ஜூனில் ஒவ்வொரு தூரையும் பிரித்தபோது ஏழெட்டு நாற்று கிடைத்தது. குட்டை வெட்டப் போகிறவர்கள் முதலில் நாற்றங்காலைப் போட்டுவிட்டு, அப்புறம் வண்டியைக் கூப்பிடலாம். இலையை ஒரு சாணுக்கு நறுக்கி, வேரை நான்கு விரலுக்கு வெட்டி, இரண்டு மூன்று கிளைப்பு இருக்கும்படி நட வேண்டும். வரிசை மட்டமாக ஓட வேண்டும், ஏறி இறங்கக் கூடாது. தாழ்ந்த இடத்தில் தண்ணீர் சேர்ந்து உடைத்துக்கொள்ளும். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் மட்டத்தை வைத்துத்தான் சுண்ணாம்புக் கோடு போட்டோம். இடைவெளி மிக முக்கியம். ஓரடிக்கு ஒன்று நட்டால் போதும் என்று சொன்னவர்கள் உண்டு. இடுக்கு வழியாகத் தண்ணீர் வேகமாகப் போய் அந்தத் தூரையே பெயர்த்துவிடும்.

வெட்டிவேர் கைகோத்து நிற்க ஒரு வருடம் ஆகும். அதுவரை வெறும் மணல் மழைக்குத் தாங்காதே. அதற்காக இரண்டு வேலை செய்தோம். சரிவு முழுவதும் மூன்று விரல் கனத்துக்கு ஏரி வண்டலைப் பரப்பி, கொள்ளு விதைத்து, இடையிடையே அருகம்புல் தண்டுகளை ஊன்றினோம். கொள்ளு மூன்று நான்கு வாரத்தில் மண்ணை மூடிவிட்டது. அலை தட்டும் கிழக்குக் கரையிலும் தண்ணீர் உள்ளே வரும் வாயின் இரு பக்கத்திலும் தென்னை நார் வலை விரித்தோம். சதுர மீட்டருக்கு 400, 700, 900 கிராம் எடைகளில் இது கிடைக்கிறது. நாங்கள் போட்டது 700. மேல் முனையை ஓரடிப் பள்ளத்தில் புதைத்து, மூன்றடிக்கு ஒரு மூங்கில் முளை அடித்தோம். வலை மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். எங்காவது கூடாரம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றால் அதன் அடியில் தண்ணீர் ஓடி அரிக்கும். கால் விட்டு நடந்து அழுத்திப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் நார் மக்கிவிட்டது, அதற்குள் வேர் பிடித்துவிட்டது.

2023 மழை ஏமாற்றியது. கர்நாடகத்தின் பெரும்பாலான தாலுகாக்களை வறட்சி பாதித்தவை என்று அறிவித்த வருடம் அது. மணலில் நட்ட நாற்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. ஆடு மேய்ந்தும் கொஞ்சம் போனது. 1,600-இல் முந்நூறுக்கு மேல் செத்து, மறுபடி நட்டோம். அடுத்த மார்ச்சில் பெங்களூரே டேங்கர் லாரிக்கு வரிசையில் நின்றபோது குட்டை அடியில் முழங்கால் அளவு தண்ணீர்தான் இருந்தது. வெட்டிவேர் மட்டும் பச்சையாக நின்றது.

2024 அக்டோபர் மழையில் குட்டை முதல்முறையாக நிறைந்து கலிங்கல் வழியாக வழிந்தது. கரையில் ஓர் இடம்கூடச் சரியவில்லை. இரவு டார்ச் அடித்துக்கொண்டு மூன்று முறை சுற்றி வந்தேன்.

அதே டிசம்பரில் நானே ஒரு தப்பு செய்தேன். பக்கத்து நிலத்து அம்மா தன் ரோஜாத் தோட்டத்துக்குத் தண்ணீர் கேட்டார். மனதாரக் கொடுத்தேன். 5 ஹெச்பி மோட்டார் வைத்து இரவும் பகலும் இறைத்ததில் நீர்மட்டம் ஒரே நாளில் மூன்றடி இறங்கிவிட்டது. காலையில் பார்த்தால் தெற்குச் சரிவின் கீழ்ப்பகுதி, பொடிமணலும் வண்டலும் கலந்திருந்த இடம், பத்தடி நீளத்துக்கு வழுக்கி இறங்கியிருந்தது. வெளியே தண்ணீர் சட்டென்று இறங்கியது, கரைக்குள் நிறைந்திருந்த தண்ணீருக்கு வடிய நேரம் இல்லை. அதுவரை வெளித் தண்ணீரின் அழுத்தம் கரையைத் தாங்கிக்கொண்டிருந்தது, அது போனதும் உள்ளே இருந்த நீர் மண்ணைத் தள்ளிவிட்டது. இப்போது ஒரு நாளைக்கு அரையடிக்கு மேல் இறைப்பதில்லை. அந்த அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். அவரும் "அக்கா, நாலு நாள் முன்னாடியே சொல்றேன்" என்று முறை வைத்துக்கொண்டார்.

இன்னும் சில. சரிவின்மேல் மரம் வைக்கவில்லை. மணலில் பெரிய மரம் காற்றுக்கு ஆடினால் வேரோடு கரையையும் நெம்பும். புங்கை இரண்டும் நொச்சி வரிசையும் வரப்புக்கு வெளியேதான். வரப்பில் நண்டு வளை, எலி வளை தெரிந்தால் அன்றே களிமண் வைத்து இடித்து மூடிவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே தண்ணீர் போகும் குழாய் ஆகிவிடும். தண்ணீரில் வளரும் சம்புக் கோரை ஒரு மூலையில் தானாக முளைத்தது. கரைக்கு நல்லதுதான், ஆனால் விட்டால் குட்டையையே எடுத்துக்கொள்ளும், வருடம் ஒருமுறை அறுக்கிறோம். மாடு தண்ணீர் குடிக்க ஒரே ஓர் இடத்தில் கல் பாவிய இறக்கம் விட்டிருக்கிறோம். மற்ற இடங்களில் அவற்றின் குளம்பு ஒரு வாரத்தில் செய்யும் சேதத்தை மழை ஒரு வருடத்தில் செய்யாது. சுற்றிலும் கம்பி வேலி, பூட்டுப் போட்ட கதவு, விளிம்பில் கட்டிய ஒரு நீளக் கயிறு, காற்றடைத்த டியூப் ஒன்று. சாய்வான கரையில் தவறி விழுந்த பிள்ளை காலூன்றி ஏறி வர முடியும் என்பதும் 3-க்கு 1 சாய்வை நான் விடாததற்கு ஒரு காரணம். கறுப்பு ஷீட் விரித்த குட்டைகளில் அது முடியாது, வழுக்கும். அப்படிக் குட்டை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே ஒரு கயிற்று ஏணியைத் தொங்கவிடுங்கள்.

கரை கரைகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனால் சரிவில் பன்னிரண்டு இடங்களில் பழைய இரும்புக் கம்பிகளை அடித்து, மண்ணுக்கு மேல் சரியாக ஒரு சாண் தெரியும்படி விட்டிருக்கிறேன். ஒவ்வொரு பெரிய மழைக்கும் பிறகு ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுகிறேன். பத்துக் கம்பிகளில் கடந்த மழைக்காலம் முழுக்க மாற்றம் இல்லை. ஒன்றில் மண் ஏறியிருக்கிறது. ஏழாவது கம்பி, வடகிழக்கு மூலையில் இருப்பது, இன்னும் ஒவ்வொரு பெரிய மழைக்கும் அரை அங்குலம் கூடுதலாக வெளியே தெரிகிறது. அங்கே காற்றும் அலையும் சேர்ந்து திரும்புகிறது போலிருக்கிறது. இரண்டாவது மூன்றாவது வரிசைக்கு நடுவே இன்னொரு வரிசை வைக்க எண்பது நாற்று பிரித்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை போய் நட வேண்டும்.